ஆவேசக்கால்

அன்பர்களே, நாள்தோறும் உங்கள் நாவில் புரளும் சொல் எந்தக் களத்தில் பிறந்தது என்று என்றேனும் உங்களை நீங்களே கேட்டதுண்டா? பொருளறியாது பேசுபவன், வாளை வீட்டில் வைத்துவிட்டு உறையைச் சுழற்றும் வீரன். நான் பொருளறிந்து பேசுபவன். என் கதியைக் கேளுங்கள்.

எங்கள் ஊரான குராயோஷியில் எங்கள் தெருவுக்கு அன்று கால்வாய் தூர்வாரும் ஞாயிறு. வீட்டுக்கு ஒருவர் போயே தீரவேண்டும். போன ஆண்டு என் மனைவி மித்சுயோ போனாள்; அதற்கு முந்திய ஆண்டும் அவளே. மரபை மீறுவது அறமன்று எனக் கருதி, போர்வை மூடிய கணப்பு மேசைக்கடியில் கால் நீட்டியிருந்தேன்.

"ஏங்க, இந்த வருஷம் நீங்க போங்க."

"மத்தா" என்றேன். 'பொறு' என்று பொருள். மோதலுக்குத் தயாராகாத சுமோ மல்லன் சொல்வது. அதை விளக்கினேன். களத்தில் எத்தனை முறை அப்படிச் சொல்லலாம் என்று கேட்டாள். அடுத்தடுத்துச் சொன்னால் நடுவர் கண்டிப்பார் என்றேன்.

"நீங்க மூணு வருஷமா சொல்றீங்க. நம்ம வீட்டுல நடுவர் யாருங்க?"

"தூக்கின காலைப் பிடிக்காதே" என்றேன். ஒருவன் வாய்தவறிச் சொன்னதைப் பற்றிக்கொண்டு மடக்குவதை எங்களவர் அப்படித்தான் சொல்வர். அதுவும் மற்போர்ப் பிடியே. அவள் குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள்.

"எங்கே தூக்கினீங்க? நீட்டியில்ல வெச்சிருக்கீங்க."

எனக்குக் குழம்பிற்று. நான் கற்பிக்கிறேனா, கற்கிறேனா?

அவளோ பணிவோடு இன்னொரு ஐயம் கேட்டாள். போன வாரம் அவள் தம்பியை 'ஆவேசக்கால்' என்று ஏசினேனே, அதன் பொருள் என்ன? கேட்டபின் விளக்காதிருப்பது பாவம். எதிரியை வட்டத்தின் விளிம்புவரை தள்ளிச் சென்று, வெற்றி வெறியில் தானே முதலில் வெளியே கால் வைத்துத் தோற்பது. அதனால், அவசரத்தால் காரியம் கெடுத்தவனுக்கும் அதுவே பெயர்.

"வாயால சொன்னா எனக்கு ஏறலைங்க. தள்ளிக் காட்டுங்க."

எழுந்தேன். இருக்கைத் திண்டை முன்னே பிடித்துக்கொண்டு அவளைத் தள்ளினேன். கூடம் தாண்டினோம். வாசல்வரை பின்வாங்கினாள். என் ஐம்பது வயது உடம்பில் ஒரு மாமல்லன் புகுந்தான். இறுதித் தள்ளு! மித்சுயோ பக்கவாட்டில் ஒதுங்கினாள். திறந்திருந்த கதவைக் கடந்து என் வலக்கால் தெருவில் ஊன்றியது.

அங்கே தெருத்தலைவி ஒனுகி அம்மையார் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"பரவாயில்லையே, இந்த வருஷம் ஐயாவே முந்திக்கிட்டு வந்துட்டாரு."

"இல்லைங்க, நான் இவளைத் தள்ளிக்கிட்டு வந்தேன். ஜெயிச்சது நான்."

மித்சுயோ ரப்பர் பூட்ஸை நீட்டினாள். என் அளவு, காலையிலேயே துடைத்து வைத்திருந்தாள்.

"யார் கால் முதல்ல வெளியே பட்டதுன்னு நீங்களே சொல்லுங்க. பொருள் தெரிஞ்சவரு நீங்கதானே" என்று கதவைச் சாத்தினாள்.

எப்படித் தோற்றேன்? இன்னும் விளங்கவில்லை. தள்ளியவன் நான், பின்வாங்கியவள் அவள். ஒன்று மட்டும் தெளிவு: காலையும் வாயையும் அடக்காதவன் சேருமிடம் கால்வாய்.

ஆகவே, அன்பர்களே, நற்செயலை நாளைக்கென்று ஒத்திப்போடாதீர்கள். இன்றே, இக்கணமே எழுந்து, ஆளுக்கொரு மண்வெட்டியோடு எங்கள் தெருவுக்கு வாருங்கள். கால்வாய் இன்னும் பாதி பாக்கியிருக்கிறது.