கொல்லையில் ஒரு குண்டு

"ஞானம், அதும்மேல மட்டும் கை வெக்காத! தெருவே பூடும்!" என்று வாசலிலிருந்தே கத்தினார் அந்தோணிராஜ். கொல்லைப்பக்கம் வர அவருக்குத் தைரியமில்லை.

கடப்பாரையோடு நின்ற ஞானசௌந்தரி கணவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகள் ஃபெபிக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவத்துக்குள் கொல்லையில் ஓர் அறை எழுப்பியே தீருவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

இடம் தாராளமாக இருந்தது. நடுவில் குண்டும் இருந்தது. யுத்த காலத்தில், சேக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ராணுவ விமானத்தளத்துக்குத் திரும்பிய விமானம் நழுவவிட்டது. வெடிக்காமல் மண்ணில் செருகிக்கொண்டது. மாமனார் சொல்லிவிட்டுப் போன கதை. அதனால் அந்த வீட்டில் உரலில் இடிப்பதில்லை, கிறிஸ்துமஸுக்குப் பட்டாசு கிடையாது. புதுப்பெண்ணாக வந்த ஞானசௌந்தரி கொல்லையில் துணி அடித்துத் துவைத்தபோது குடும்பமே முட்டிபோட்டு ஜெபித்தது.

பழைய இரும்பு எடுப்பவனை வரவழைத்தாள். பக்கத்து வீட்டு வேம்புலி மதில்மேல் எட்டிப்பார்த்தான்.

"யோவ், மிலிட்டிரி குண்டுய்யா அது! தெரிஞ்சிதான் தொட்றியா?"

வந்தவன் தராசைப் போட்டுவிட்டு ஓடினான். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினான். சற்று நேரத்தில் வாசலில் கூட்டம் நெரிந்தது.

ஞானசௌந்தரி மசியவில்லை. போலீசுக்கே போன் போட்டாள். அவர்கள் தெருவைக் காலி செய்து கரண்டையும் பிடுங்கினார்கள். வேம்புலியின் மனைவி சரசாவுடைய இட்லி மாவு கிரைண்டரில் பாதியில் நின்றது. அம்மாவைப் பார்க்க ஆட்டோவில் வந்த ஃபெபியைத் தெருமுனையிலேயே மறித்துவிட்டார்கள்.

"நைனா, எம்பொண்ணு மாசமா கீது. உள்ள உடு!" என்று போலீஸ்காரரிடம் மல்லுக்கு நின்றாள் ஞானசௌந்தரி.

"உன் ஊட்டாலதாம்மா இந்தக் கூத்தே!" என்றார் போலீஸ்காரர்.

"அண்ணி, ரூமே வாணாம்னு சொல்லிடு. உசுரு முக்கியம்," என்று கெஞ்சினான் வேம்புலி.

"எம்பொண்ணுக்கு ரூம் முக்கியம்!"

வெடிகுண்டு நிபுணர் படுத்துக்கொண்டு மண்ணைக் கையால் விலக்கினார். தட்டினார், சுரண்டினார். பிறகு எழுந்து, தெருமுனைக்கு வந்து சிரித்தார்.

"சாதா தண்ணிக் குழாம்மா. உள்ள சிமென்ட் ரொப்பி, கூரா இழைச்சி நட்டு வச்சிருக்காங்க. மேல இருக்கற கறுப்பு பெயிண்ட்டு இந்த வருஷம் அடிச்சதுதான். யார் அடிச்சது?"

அந்தோணிராஜ் பேயறைந்தது போல் நின்றார். வேம்புலி வானத்தைப் பார்த்தான்.

மாவு புளித்துப்போகிற கோபத்தில் இருந்த சரசாவுக்குத்தான் பொறுக்கவில்லை:

"இவரு தாத்தா நட்டது சார், பொங்கலுக்குப் பொங்கல் மதிலு எகிறிப் போயி இவருதான் பெயிண்ட்டு அடிக்கிறாரு. அங்க ரூமு கட்டிட்டா எங்கூட்டுக்குக் காத்து எங்கேர்ந்து வரும்?"