கமா கன்னையன்

ஒரு கமா யாரையும் ஒன்றும் செய்துவிடாது என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். நாளிதழ் ஒன்றில் பயிற்சி உதவி ஆசிரியனாக இருந்தேன். பிறர் எழுத்தில் பிழை பிடிப்பதே வேலை என்பதால், எனக்குப் பிழையே வராது என்று நம்பினேன் (அந்த வயதில் அது ஒரு வியாதி). திருவொற்றியூரில் பரீட்சை இல்லாத சின்னப் பள்ளி ஒன்றை நடத்திவந்த என் அக்கா செல்வியும் அதை நம்பித் தொலைத்தாள். மாற்றுக் கல்வி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் பட்டியலிடும் வேலையை என்னிடம் கொடுத்தாள்.

தேரடி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மானிட்டர் நடுங்கும். அங்கே உட்கார்ந்து தட்டினேன். விதி எளிது: குடும்பப் பெயர் முதலில், பிறகு கமா, பிறகு சொந்தப் பெயரின் முதல் எழுத்து. அக்கா ஆங்கிலத்தில் 'செல்வி கன்னையன்' என்று எழுதுவாள். ஆகவே 'பரீட்சையை ஒழிப்போம்' என்ற அவள் கட்டுரைக்கு நேரே போட்டேன்: கன்னையன், எஸ். முகவரிக்கு எங்கள் வீடு.

எங்கள் அப்பா பெயர் எஸ். கன்னையன்.

வீட்டின் கீழ்த்தளத்தில் டுடோரியல் வைத்திருந்தார். 'பத்தாம் வகுப்பில் தோல்வியா? கவலை வேண்டாம்!' என்று வாசலில் போர்டு. பரீட்சை ஒழிந்தால் எங்கள் வீட்டு அடுப்பும் ஒழியும்.

அட்மிஷன் நாளன்று டெல்லியிலிருந்து அப்பா பெயருக்குக் கடிதம் வந்தது. விருதுதான் என்று அவரே முடிவுசெய்து, பெற்றோர் கூட்டத்தின் நடுவே என்னிடம் நீட்டினார்.

"சத்தமா படிச்சி தமிள்ல சொல்லுடா."

"மதிப்புக்குரிய திரு. எஸ். கன்னையன், பரீட்சையை ஒழிக்கவேண்டும் என்ற தங்கள் கட்டுரையைப் படித்தோம். எங்கள் மாநாட்டில் தாங்கள் பேசவேண்டும்..."

பாதியில் நிறுத்தியிருக்கலாம். பத்திரிகைப் பழக்கம், வாக்கியத்தை முடித்துவிட்டேன்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஓர் அம்மா எழுந்தார். "இன்னா சார், பரீச்சையே வாணாம்னு டெல்லிக்கு எய்திகினு, இங்க எம்புள்ளைய பரீச்சைக்கு சேத்துக்கிறியா? இன்னா பேஜாரா கீது!"

"நான் எய்தலம்மா!" என்றார் அப்பா. கடிதத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மாடிப்படியில் அக்கா. வாழ்க்கையில் முதன்முறையாக அவளை யாரோ பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

"டேய், அதுல எம்பேரு எங்கடா?"

"எஸ் கீதேக்கா..."

செருப்பு வந்தது.

'எழுதியது கன்னையன் அல்ல, அவருடைய மகள்' என்று டெல்லிக்கு மெயில் அனுப்பினேன். உடனே பதில்: 'மகிழ்ச்சி. திரு. கன்னையன் தம் மகளையும் தாராளமாக அழைத்து வரலாம்.'

"நான் வந்தா டுடோரியல இஸ்து மூடிட்டுத்தான் வரணும். நீயே போய் பேசிட்டு வா" என்றார் அப்பா. அக்கா தனியாகப் போனாள். 'திரு. எஸ். கன்னையன்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பரீட்சையை ஒழிக்கச் சொல்லிப் பேசி, கைதட்டல் வாங்கினாள். சான்றிதழும் அதே பெயரில்தான்.

"இந்தா நைனா, உன்னுது" என்று நீட்டினாள்.

அப்பா அதை ஃபிரேம் போட்டு டுடோரியல் சுவரில் மாட்டினார். 'டெல்லி மாநாட்டில் உரையாற்றியவர்' என்று கீழே எழுதியும் வைத்தார். எதைப் பற்றி உரையாற்றினார் என்று எழுதவில்லை. மீன் ஏல அம்மாவே மகனைக் கொண்டுவந்து சேர்த்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் பால் பொங்கினாலும் சிலிண்டர் தீர்ந்தாலும் குற்றவாளி ஒருவர்தான்: என் பட்டியலில் பிறந்த, உலகில் இல்லாத கமா கன்னையன். போன வாரம் அப்பா மோட்டாரை நிறுத்த மறந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. யார் வேலை என்று அக்கா கத்தினாள்.

"எஸ். கன்னையன் இல்லம்மா" என்றார் அப்பா. "கன்னையன்..." கமாவுக்கு ஒரு நொடி நிறுத்தினார். "எஸ்."