மாப்பிள்ளை செய்த அப்டேட்

திரை வெள்ளையாக இருந்தது. ஓர் எழுத்தில்லை, ஒரு கோடில்லை. இப்போதுதான் சலவைக்குப் போய்வந்தது போல அப்படி ஒரு வெள்ளை.

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சட்டை நுனியால் திரையைத் துடைத்தும் பார்த்தார். வெள்ளை இன்னும் பளிச்சென்று ஆனதே தவிர வேறு பலனில்லை.

"மாமா, இப்ப கரண்ட் போயிட்டு வந்துச்சா?"

தையல் கடையின் பின்னறை அது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓட்டல் சமையல்காரர்களின் கோட்டுகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமனார், தலையை நிமிர்த்தாமல் மேலே கை காட்டினார். மின்விசிறி நிம்மதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இது கரண்ட் இல்ல" என்றார் மாப்பிள்ளை.

"இல்லதான்" என்றார் மாமனார்.

காணாமல் போயிருந்தது மாமியாரின் பிளாக். பகலெல்லாம் வெட்டித் தைக்கிற மாமியார், பல வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அதில் எழுதிவந்தார். எப்படித் தைப்பது என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஏன் அப்படித் தைக்கிறோம் என்பதை அவர் எழுதினார். கையைத் தூக்கினால் சட்டை ஏன் இடுப்பைவிட்டு ஏறுகிறது, காலர் ஏன் ஒரு பக்கம் மட்டும் சுருங்குகிறது, பை வைக்க அந்த இடம்தான் ஏன். அதைப் படித்துத் தொழில் பிடிபட்டு, சொந்தமாக மெஷின் வாங்கிப் பிழைப்பவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். சந்தேகம் வந்தால் போன் செய்வார்கள்.

காலையில் மாமியார்தான் ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, பிளாக்குக்குப் புது வெர்ஷன் வந்திருக்காம். எப்பவும்போல நீங்க கொஞ்சம் பண்ணிடுங்களேன்."

"கவலையை விடுங்க அத்தை."

"நான் எதுக்குக் கவலைப்படப் போறேன்? நீங்க தைரியமா பண்ணுங்க."

சொல்லிவிட்டு, தைத்து முடித்த கோட்டுகளைக் கொடுக்க ஓட்டலுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளைக்கு வேலை, பிரிண்டர் விற்றுப் பழுதுபார்க்கும் கடையில். கல்யாணச் சமயத்தில் யாரோ 'கம்ப்யூட்டர் லைன்' என்று சொல்லிவைக்க, அவர் மறுக்காமல் இருந்துவிட்டார். பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைத் தாண்டினால் அவருக்கும் கம்ப்யூட்டருக்கும் வழியில் பார்த்தால் தலையசைக்கும் அளவுக்குத்தான் பழக்கம். ஆனால் இந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதை மொத்தமும் அந்த ஒரு 'லைனி'ல்தான் காய்ந்துகொண்டிருந்தது.

அப்டேட் அவருக்குப் புதிதும் அல்ல. வருஷத்துக்குச் சில தடவை மாமியார் கேட்பார், இவர் பட்டனை அழுத்துவார். சில நேரம் அழுத்தியதும் பிளாக் கோணல்மாணலாகத் தெரியும். கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். மறுநாள் பார்த்தால் எல்லாம் நேராக இருக்கும். மென்பொருள் என்பது சிமெண்ட் மாதிரி, இறுகக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடமும் அதைச் சொல்லி வந்தார்.

ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் மாமியார் வந்து புதுப் பதிவு போடுவார். இறுகும்வரை காத்திருக்க நேரமில்லை. முதல்முறையாகத் தானே சரிசெய்வது என்று மாப்பிள்ளை முடிவெடுத்தார். அங்கேதான் வந்தது வினை.

பிளாக்குக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அப்டேட்டுக்கு முன்னாடி பேக்கப் எடுத்தீங்களா சார்?"

"எடுக்கணுமா?"

அந்தப் பக்கம் 'ம்ம்' என்று ஓர் இழுப்பு. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது இழுப்பாரே, அந்த மாதிரி 'ம்ம்'.

"சரி சார், பதறாதீங்க" என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள்.

பிளாக்கும் ஒரு தையல் கடை மாதிரிதான். மென்பொருள்தான் மெஷின். எழுதிய பதிவுகள் அலமாரியில் மடித்து வைத்த துணி. அந்த அலமாரிக்கு டேட்டாபேஸ் என்று பெயர். மெஷினை மாற்றுவதால் அலமாரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மெஷினில் மாட்டுகிற சின்னச் சின்னத் துணைக்கருவிகள் உண்டே, காஜா போட ஒன்று, ஜிப் வைக்க ஒன்று, அவை பழைய மெஷினுக்கு அளவெடுத்துச் செய்தவை. புது மெஷினில் மாட்டினால் ஊசி அப்படியே நின்றுவிடும். பிளாக்கிலும் அந்த மாதிரித் துணைக்கருவிகள் இருக்கின்றன. பிளகின் என்பார்கள். அதில் ஒன்று பொருந்தாமல் போனாலும் போதும், மொத்தத் திரையும் வெள்ளை.

"பிளகின் ஒவ்வொண்ணாப் பேரை மாத்திட்டு, பக்கம் வருதான்னு பாருங்க சார். எது மாத்தினதும் வருதோ, அதுதான் வில்லன். ஆனா ஒண்ணு, எதையும் அழிக்காதீங்க."

"அழிப்பேனா!" என்று சிரித்துவிட்டு மாப்பிள்ளை போனை வைத்தார்.

சில பிளகின்களுக்குப் பேரை மாற்றிப் பார்த்தார். பக்கம் வரவில்லை. இன்னும் நீளமாக ஒரு வரிசை பாக்கி இருந்தது. இதற்குப் பதில் எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் வில்லனும் சேர்ந்து போய்விடுவானே என்று தோன்றியது. தூக்கினார்.

பிளாக் வந்துவிட்டது.

"மாமா! வந்துடுச்சு!"

"சந்தோஷம்" என்றார் மாமனார், நூலைக் கோத்தபடி.

வந்தது எழுத்து மட்டும்தான். படங்களில் ஒன்றையும் காணோம். மாமியார் கையால் வரைந்து போட்ட அத்தனை வெட்டுப் படங்களும் இருந்த இடங்களில் காலிச் சதுரங்கள் நின்றன. படங்களைப் பொறுப்பாகக் கட்டிக்காத்தது ஒரு பிளகின். வேலையைவிட்டு நீக்கியதும் அது படங்களையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தது.

கடையின் முன்பக்கம் யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வெளிச்சம். திரை வெளிச்சம்."

"அம்மா பிளாக்கை ஏதும் பண்ணிடலையே? அதுல ஒண்ணு போனாக்கூட அவங்க தாங்க மாட்டாங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தையா இருந்தா கையைக் கட்டிப் போட்டிருக்கலாம்" என்றுவிட்டு அவள் போனாள்.

மாப்பிள்ளை யோசித்தார். மெஷினில்தான் கோளாறு என்றால் மெஷினையே புதிதாக இறக்கிவிடலாமே? மென்பொருளை முதலிலிருந்து நிறுவினார். அது மிகவும் பணிவாக, புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டது. பணிவாகக் கேட்பவர்களிடம் முடியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'வாழ்த்துகள்! இது உங்கள் முதல் பதிவு.'

போன தடவை படம்தான் போனது; இந்தத் தடவை மாமியாரே போய்விட்டார்.

மறுபடி அந்தப் பெண்ணுக்குப் போன் போடக் கூச்சமாக இருந்தது. அவள் சொன்னதையே நினைத்துப் பார்த்தார். மெஷின் வேறு, அலமாரி வேறு. அப்படியானால் அலமாரியைத் திறந்து பார்க்கலாமே? தேடித் தேடி டேட்டாபேஸுக்குள் நுழைந்தார்.

அவள் சொன்னது சரிதான். எல்லாம் அங்கேயே இருந்தன. புது மெஷின் தனக்கென்று ஒரு புதுத் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே ஒழிய, பழைய தட்டுகளை யாரும் தொடவில்லை. இடையிடையே அம்புக்குறியும் சாய்கோடும் குறுக்கிட்டாலும் வாசிக்க முடிந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஒன்றைத் திறந்தார். அப்படியே வாசித்துக்கொண்டு போனார்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த பிளாக்கை எத்தனையோ தடவை அப்டேட் செய்திருக்கிறார். ஒரு பதிவைக்கூடப் படித்ததில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு பதிவில் இப்படி இருந்தது:

'எங்கள் மாப்பிள்ளைக்கு வலது தோள் கொஞ்சம் இறக்கம். கனமான கருவிப் பையைத் தினமும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர். சொன்னால் சங்கடப்படுவார். அதனால் சொல்லவில்லை. அவர் சட்டையில் வலப்பக்கம் மட்டும் உள்ளே சின்னதாக ஒரு மடிப்புத் துணி வைத்துத் தைக்கிறேன். கண்ணாடியில் பார்க்கும்போது நேராக நிற்பது போலத் தெரியும். ஓர் ஆளை நேராக நிற்கவைப்பதுதான் நம் வேலையில் பாதி.'

மாப்பிள்ளை இடது கையை மெதுவாக வலது தோளுக்குக் கொண்டுபோனார். சட்டைக்குள் அந்தத் தடிப்பு இருந்தது. லேபிள் என்று நினைத்திருந்தார்.

இனி இது வெறும் மானப் பிரச்சினையாக இல்லை. இதில் ஒரு வரி போனாலும் தன்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஆகவே, கண்டிப்பாகக் காப்பாற்றிவிடுவது என்று கிளம்பினார். அங்கேயே கையை எடுத்திருக்கலாம்.

கம்ப்யூட்டரின் மூலையில் 'பேக்கப்' என்று ஒரு பழைய கோப்பு கண்ணில் பட்டது. மாமியார் எப்போதோ எடுத்து வைத்தது. எழுத்து இங்கே இருக்கிறது; படங்கள் அதில் இருக்கும்; இதோடு அதையும் ஊற்றிவிட்டால் இரண்டும் கலந்து முழுசாகிவிடும் அல்லவா? நல்ல கணக்குத்தான். என்ன, பேக்கப் என்பது குழம்பில் ஊற்றும் தண்ணீர் இல்லை. அது கலக்காது. இருப்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். எப்போது எடுத்த பேக்கப்போ, பிளாக் அந்த நாளுக்கே திரும்பிப் போய்விடும். நடுவில் ஒரு பெட்டி வந்து அதைத்தான் கேட்டது. அந்த மாதிரிப் பெட்டிகள் எதைக் கேட்டாலும் 'சரி' சொல்வது அவர் வழக்கம்.

வேலை முடிந்தபோது அலமாரியில் மிஞ்சியது, மாமியார் எழுதப் பழகிய காலத்துப் பதிவுகள் கொஞ்சம். 'ஊசியில் நூல் கோப்பது எப்படி?' என்பதுதான் கடைசிப் பதிவு. தோளைத் தேடினார். கிடைக்கவில்லை. மறுபடி தேடினார். அந்தத் தோள் இன்னும் அந்த வீட்டுக்கு வந்தே சேராத காலம் அது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"என்ன மாப்பிள்ளை, முடிஞ்சுதா?" என்று கேட்டபடி மாமியார் காலிப் பையோடு உள்ளே வந்தார். பின்னாலேயே மனைவியும் வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "முடிஞ்சுடுச்சு அத்தை. எல்லாமே முடிஞ்சுடுச்சு."

"அய்யோ! அப்பவே நெனச்சேன்" என்றாள் மனைவி.

"நீ சும்மா இருடி" என்ற மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல்லேருந்து சொல்லுங்க. எந்தப் பட்டனை அழுத்தினதும் போச்சு?"

மாப்பிள்ளை சொன்னார். எதையும் ஒளிக்கவில்லை. பிளகின்களைத் தூக்கியதைச் சொன்னார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"படம் வெச்சிருந்ததையுமா? அடேயப்பா! அப்ப பிளகின்ல ஏதோ ஒண்ணுதான் சேராம இடிக்குது. அப்புறம்?"

"அப்புறம் புதுசா இன்ஸ்டால் பண்ணினேன்."

"அதை எனக்குத் தோணவே தோணாதே! அப்புறம்?"

அவர் குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. சொல்லப்போனால் ஒரு ஆர்வம் தெரிந்தது. அதிர்ச்சியில் சிலருக்கு இப்படி ஆகும் என்று மாப்பிள்ளை கேள்விப்பட்டிருந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்துவிட்டு "ம், அப்புறம்?" என்றார் மாமியார்.

நடுவில் அவர் போன் அடித்தது. யாரோ ஒரு வாசகி. "ஆமாம்மா, அந்தப் படத்துல இருக்கற மாதிரியேதான். ரெண்டாவது கோட்டுல வெட்டு. நல்லாப் பெரிசு பண்ணிப் பாரு, தெரியும்" என்று நிதானமாகப் பதில் சொல்லி வைத்தார். இல்லாத படத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசுகிறாரே என்று மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"அத்தை, அதுல என் தோளைப் பத்தி எழுதியிருந்தீங்க."

மாமியார் முதல்முறையாகத் தடுமாறினார். "அதைப் படிச்சுட்டீங்களா?"

"இன்னைக்குத்தான் படிச்சேன். அதையும் சேர்த்து அழிச்சுட்டேன்." அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்குக் கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாது அத்தை. பிரிண்டர்தான் தெரியும். இனிமே சத்தியமா அந்த பிளாக்கைத் தொடவே மாட்டேன்."

அதுவரை கலங்காத மாமியார் நாற்காலியைவிட்டு எழுந்தேவிட்டார்.

"அய்யய்யோ, அப்படி மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை! நீங்க தொடலைன்னா நான் யாரை நம்பி எதைப் பண்றது?"

இப்படியும் ஒரு மனசா என்று மாப்பிள்ளை கைகூப்பிவிட்டார். மனைவி மூக்கை உறிஞ்சினாள். மாமியார், சாயங்காலப் பதிவைப் போட வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவசரமாக முன்பக்கம் போனார்.

மாமனார் கடைசிப் பொத்தானை இழுத்துப் பார்த்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார்.

"அழாதீங்க மாப்பிள்ளை. உங்ககிட்ட அவ எப்பவும் குடுக்கறது பிளாக்கோட நகலைத்தான். நீங்க கை வெச்சும் அது பொழைச்சுதுன்னாத்தான் அசலுக்கே அப்டேட் போடுவா."