மூன்று தடவை எக்ஸ்பயர் ஆனவர்

"மன்னிக்கணும். நீங்க இறந்துட்டீங்க," என்றார் பணியாளர் பிரிவு எழுத்தர், கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு.

எதிரே நின்ற கிரேன்காரர் தன் மார்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதினான்கு வருஷமாக அந்தத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். மேற்பார்வையாளர் பதவிக்கு அன்று ஐந்து மணிக்குள் உடல்தகுதிச் சான்று கொடுத்தாக வேண்டும்.

"யாரு சார் சொன்னா?"

"பரிசோதனைக் கூடமே சொல்லுது. 'பேஷன்ட் எக்ஸ்பயர்டு கம்ப்ளீட்லி.' முழுசா போயிட்டீங்க. அரைகுறையாக்கூட இல்ல."

எழுத்தருக்கு ஆபீசில் டிக்‌ஷனரி என்றே பெயர். நாற்பது வயதுத் தனிக்கட்டை. மேலாளரே கடிதம் எழுதும்போது அவரிடம்தான் வார்த்தை கேட்பார்.

"நான் உங்க முன்னாடி நிக்கிறேனே!"

"நிக்கிறது உங்க சொந்த விஷயம். ஃபைலுக்குக் காகிதம் வேணும்."

கிரேன்காரர் அசரவில்லை. இருபது டன் இரும்பை அலுங்காமல் நகர்த்துகிறவர், ஒரு வார்த்தையை நகர்த்த மாட்டாரா? இரண்டு தெரு தள்ளியிருந்த கூடத்துக்கு நடையைக் கட்டினார்.

மூச்சுப் பரிசோதனை செய்யும் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். "எக்ஸ்பயர்னா மூச்சை வெளிய விடுறதுங்க. குழாய்ல கடைசிவரைக்கும் ஊதினீங்கல்ல, அதைத்தான் எழுதினேன். உள்ள இழுத்தா இன்ஸ்பயர். இருங்க, விளக்கமாவே எழுதித் தரேன்."

புதுக் காகிதத்தை டிக்‌ஷனரி நிதானமாகப் படித்தார்.

"'இன்ஸ்பயர்டு வெல். எக்ஸ்பயர்டு ஃபோர்ஸ்ஃபுல்லி.' முதல்ல நல்ல உற்சாகமா இருந்திருக்கீங்க. அப்புறம் பலவந்தமா செத்திருக்கீங்க. இது போலீஸ் வரைக்கும் போகுமே!"

வாசலில் நின்ற ஃபோர்மேன் காதில் இது விழுந்தது. அவர் கையை நீட்டினார். "கிரேன் சாவியைக் குடுங்க. ரூல்படி செத்தவங்க வண்டி ஓட்டக்கூடாது."

கிரேன்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் கூடத்துக்கு ஓடினார். அந்தப் பெண் இன்னொரு பரிசோதனையே எடுத்துவிடலாம் என்றார். கிரேன்காரர் கண் பிதுங்க ஊதினார். முடிவைக் கையோடு கொண்டுவந்தார்.

"'எக்ஸ்பயர்டு த்ரீ டைம்ஸ். தேர்டு வாஸ் தி பெஸ்ட்.'" டிக்‌ஷனரி உதட்டைப் பிதுக்கினார். "மூணு தடவை. மூணாவதுதான் பிரமாதமா அமைஞ்சிருக்கு. பழகப் பழக வந்துடுது, பாருங்க."

அப்போது மனைவியின் போன் வந்தது. "என்னங்க, நீங்க செத்துட்டதா வெல்டர் வீட்டம்மா வந்து அழுவுறாங்க. சாயங்காலம் பால் வாங்கிட்டு வருவீங்களா, மாட்டீங்களா?"

"வருவேன்டி! பதவியோட வருவேன்!"

மணி நாலரை. கிரேன்காரர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினார். "நான் உயிரோட இருக்கேன்னு நீங்க நம்ப, என்ன சார் பண்ணணும்?"

டிக்‌ஷனரி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "எழுதினவங்களே நேர்ல வந்து விளக்கம் சொன்னா… யோசிக்கலாம்."

அந்தப் பெண் தயங்கவேயில்லை. "எனக்காக வீட்டுல யாரு காத்திருக்கா? வாங்க போகலாம்," என்று பையை எடுத்துக்கொண்டார். இருவரும் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

டிக்‌ஷனரி எழுந்து நின்றார். தலை புதிதாய் வாரியிருந்தது. தன் நாற்காலியையே துடைத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்தார்.

"எக்ஸ்பயர்னா மூச்சை வெளிய விடுறதுங்க," என்றார் அந்தப் பெண்.

"அப்படியா! இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே!" காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினார். "அந்த இன்ஸ்பயர்… அதையும் கொஞ்சம் விளக்கமா சொல்றீங்களா? அவசரமில்ல."

கிரேன்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அக்கா, ஸ்ட்ராங்கா ஒண்ணு! டிக்‌ஷனரிக்கே இன்னைக்கு ஒரு வார்த்தை கத்துக்குடுத்துட்டு வரேன். எக்ஸ்பயர்னா என்னன்னு தெரியுமா?" என்றார்.

"மூச்சை வெளிய விடுறது," என்று டம்ளரை நீட்டினாள் அவள். "போன வாரம் டிக்‌ஷனரியும் அந்தப் பரிசோதனைக் கூடத்து அம்மாகிட்ட ஊதிட்டு வந்ததுலேர்ந்து, எங்க எல்லார்கிட்டயும் இதையேதானே சொல்லிட்டுத் திரியிறாரு!"