அழுக்கு ஒட்டாத விமானம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, சமையலறைக் குழாய் மூவரும் ஒருவாறு ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் கைநடுக்கம் புது மாத்திரையில் சற்று அடங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இங்கே வரப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். சம்பந்தியை வரவேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் மரியாதை தெரியாதவன் இல்லை. ஆனாலும் தயவுசெய்து வரவேண்டாம். காரணம், விமானம்.

அந்தப் பெட்டியைத் தாங்கள் என் மடியில் வைத்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் தாங்கள் மெக்கானிக்காக இருந்து பார்த்துக்கொண்ட அதே ரக விமானத்தின் பொம்மை, ஒட்டிச் சேர்க்க வேண்டிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளாக, பிரிக்காத பெட்டியில். நிதானமாக உட்கார்ந்து செய்யலாம் என்று வாங்கி அலமாரியில் வைத்திருந்தீர்கள். நேரம் வந்தபோது கைநடுக்கமும் கூடவே வந்துவிட்டது. அதைத் தயாரித்த கம்பெனியை மூடிவிட்டார்கள், இன்னொரு பெட்டி எங்கேயும் கிடைக்காது என்றும் சொன்னீர்கள். "பஸ் பாடிக்கு பெயிண்ட் பாத்த கண்ணு உங்களுது. நீங்கதான் சம்பந்தி செஞ்சு தரணும்" என்றீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இதென்ன பிரமாதம், ஒரே வாரத்துல கையில குடுத்துடறேன்" என்றேன். மேசைக்கு அடியில் என் மனைவி என் காலை மிதித்தாள். நாற்காலிக் கால் இடிக்கிறது என்று நினைத்து நான் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்து பேசினேன்.

கூடவே ஒரு பழைய படமும் கொடுத்தீர்கள். அதில் விமானம் பளபளவென்று நிற்கிறது. இறக்கைமேல் தாங்கள், ஒல்லியாக, தலை நிறைய முடியோடு, தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். அச்சு அசலாக இப்படியே செய்துவிடுகிறேன் என்றேன். "அப்படி வேணாம். பறந்துட்டு வந்து இறங்கினா எப்படி இருக்குமோ அப்படி வேணும். புகை, எண்ணெய், அழுக்கு, எல்லாத்தோடயும்" என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியைப் பார்த்து ஏன் என்று கேட்க எந்தப் பெண்ணைப் பெற்றவனுக்குத் துணிச்சல் வரும்?

முதல் நாளே வால் சக்கரம் போய்விட்டது. இடுக்கியில் பிடித்திருந்தேன், பிடி கொஞ்சம் இறுகியது, விமானத்துக்கு முன்னால் சக்கரம் பறந்துவிட்டது. "என்னங்க விழுந்துச்சு?" என்று உள்ளேயிருந்து குரல். "சக்கரம்." "எவ்ளோ பெரிசு?" "மிளகு மாதிரி." அவள் துடைப்பத்தோடு வந்து வீட்டையே புரட்டினாள். நம் பெண் கல்யாணத்துக்கு முன்னால் தொலைத்த தோடு கிடைத்தது. நான் தவறாமல் விழுங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்த ரத்த அழுத்த மாத்திரைகள் சோபாவுக்கு அடியிலிருந்து வரிசையாகக் கிடைத்தன. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சக்கரம் மட்டும் கிடைக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் இருப்பது என் பழைய சட்டையின் கைப் பொத்தான். உற்றுப் பார்த்தால் நாலு ஓட்டை தெரியும். அடுத்து, விமானி தலைக்குமேல் வரும் கண்ணாடி மூடியை ஒட்டும்போது பசை என் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. விரலை ஒருவழியாக மீட்டுவிட்டோம், ரேகை அங்கேயே தங்கிவிட்டது. விமானி எந்தப் பக்கம் பார்த்தாலும் என் கட்டைவிரல்தான் தெரியும்.

இதெல்லாம் சில்லறை விபத்து. உண்மையான கேடு பெயிண்டில் தொடங்கியது, அதுவும் நான் கெட்டிக்காரன் என்பதால் வந்த கேடு. பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் பரிசோதகனாக இருந்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே எனக்கு 'டார்ச்சு' என்று பெயர் வைத்திருந்தது தெரியாது. பட்டப்பகலில் டார்ச் விளக்கை அடித்துப் பார்த்து, எறும்பு நடந்த அளவுக்குக் கீறல் இருந்தாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தக் கை சும்மா இருக்குமா? பட்டி வைத்து, உப்புத்தாளில் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து, கடைசியில் வண்டிக்குப் போடும் மெழுகைப் போட்டு ஒரு பாலிஷும் கொடுத்தேன். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. பெருமை தாங்காமல் வீடியோ காலில் காட்டினேன். மாப்பிள்ளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு மாமா. கண்டக்டர் எங்க நிப்பாரு?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. தங்கம். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, அழுக்காக்கிவிட வேண்டியதுதான் என்று பொம்மைக் கடைக்குப் போனேன். அங்கே அழுக்கை டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், சம்பந்தி. புகைக்கு ஒரு டப்பா, துருவுக்கு ஒரு டப்பா, காய்ந்த சேற்றுக்கு ஒன்று, ஈரச் சேற்றுக்கு வேறொன்று. எல்லாம் மாவு மாதிரி பொடி. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் என் மனைவி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, தூசியைக் காசு குடுத்தா வாங்கிட்டு வந்தீங்க? நான் தினமும் பெருக்கி வெளிய கொட்டறேனே, சொல்லியிருந்தா சேத்து வெச்சிருப்பேனே" என்றாள்.

ஆனால் கை வரவில்லை. சாயங்காலம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இறக்கையில் ஒரு கீறல் போடுவேன். காலையில் காபி குடித்துவிட்டு அந்தப் பக்கம் போனால் கீறல் என்னைப் பார்க்கும். கை தன்னால் பிரஷ்ஷை எடுத்து அதைச் சரிசெய்துவிடும். இப்படியே போட்டதும் அழித்ததுமாகப் போனால் இந்த ஜென்மத்தில் முடியாது என்று பட்டறையில் என்னோடு வேலை பார்த்த டிங்கரைக் கூப்பிட்டேன். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதில் மன்னன். அடிவாங்கிய வண்டிகளையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவனுக்கு ஒரு அடி வைக்கத் தெரியாதா? வந்தான், ஸ்க்ரூடிரைவரைச் சூடு பண்ணினான், இறக்கை ஓரத்தில் அழகாக ஒரு நெளிவு வைத்தான். இருவரும் பார்த்தோம். "என்னப்பா, பாக்கவே கஷ்டமா இருக்கு" என்றேன். "எனக்கும்தான்" என்றவன், நான் தடுப்பதற்குள் இறக்கைக்குக் கீழே விரலைக் கொடுத்து நெளிவை நிமிர்த்திவிட்டான். நிமிர்த்திய வேகத்தில் முதுகில் இருந்த ஏரியல் கம்பி முறிந்தது. இப்போது அங்கே நிற்பது பல்குத்தும் குச்சி. "கை தானா போகுதுப்பா, நான் என்ன பண்ண?" என்று சொல்லி, இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனான்.

கடைசியில் வழி கண்டுபிடித்தேன். என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். கண் சரியாகத் தெரியாதபோது அழுக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. புகைபோக்கிக்குப் பின்னால் கரியைத் தீற்றினேன், எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் வடியவிட்டேன், சக்கரத்தில் சேறு அப்பினேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உடம்பெல்லாம் பதறியது. அப்படியானால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். சந்தோஷத்தில் என் மனைவியைக் கூப்பிட்டு, இறக்கையைத் தொட்டு "பார்" என்று காட்டினேன். விரலை எடுத்தால், அழுக்கு முழுக்க என் விரலில். விமானத்தில் தொட்ட இடம் மட்டும் பளபளவென்று சிரிக்கிறது.

கடைக்காரரிடம் ஓடினேன். "அடியில என்ன சார் போட்டீங்க?" என்றார். மெழுகு என்றேன். "மெழுகா? அதுமேல பொடி எப்படி சார் பிடிக்கும்? அழுக்கு ஒட்டக்கூடாதுன்னுதானே மெழுகே போடறது!" என்று கேட்டுவிட்டு, கடையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு என்னைக் காட்டினார். மெழுகை எடுக்க வேண்டுமென்றால் பெயிண்டைச் சுரண்ட வேண்டுமாம். பெயிண்டைச் சுரண்டினால் அந்தப் பழைய பிளாஸ்டிக் தாங்காதாம். ஆக, இப்போது விமானத்தின்மேல் இருக்கும் அழுக்கு ஒரு மரியாதைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த அறையில் ஃபேன் போடுவதில்லை. ஜன்னல் திறப்பதில்லை. என் மனைவிக்கு ஜலதோஷம், தும்மல் வந்தால் மாடிக்கு ஓடுகிறாள். நான் பக்கத்தில் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், சம்பந்தி. மனசு ரொம்ப உடைந்துபோயிருக்கிறது. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஒரே ஒரு பெட்டியை நம்பி என் கையில் கொடுத்தீர்கள். அதைப் பொத்தானும் பல்குத்தும் குச்சியும் வைத்து, தொட்டால் உதிர்கிற ஒரு பொருளாக்கி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அழுக்கு. அதைக்கூட ஒழுங்காகத் தர எனக்குத் துப்பில்லை. உங்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? என் பெண் அந்த வீட்டில் எந்த முகத்தோடு உங்களுக்குச் சாப்பாடு போடுவாள்? அதனால்தான் வரவேண்டாம் என்கிறேன். விமானத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். தூரத்தில் வைத்துப் பாருங்கள். தயவுசெய்து, தயவுசெய்து தொட்டுவிடாதீர்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரங்கள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆசிகள். எல்லோரும் எல்லா நலமும் பெற்று, என்னைப் போல் வாய்விடாமல் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டும்போது வாசலில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் வெள்ளிக்கிழமையே வந்து இறங்கினீர்கள். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அந்த அறைக்குள் போனீர்கள். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, அதோடு உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்கிறது.

நீங்கள் கைக்குட்டையை எடுத்ததைப் பார்த்து, "ஐயோ, தொடாதீங்க!" என்று நான் கத்தியது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா தெரியாது. அதற்குள் புகைபோக்கியிலிருந்து வால் வரை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டீர்கள். என் மனைவிதான் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்: "கடைசியா அந்த விமானம் கெளம்பினப்ப நல்லா தொடச்சுத்தான் அனுப்பினேன். வந்தா மறுபடி தொடைக்கணுமேன்னு துணியைத் தோள்ல போட்டுக்கிட்டு இருட்டற வரைக்கும் ஓடுபாதை ஓரத்துல நின்னேன். வரவே இல்ல." அப்போதுதான், சம்பந்தி, எனக்குப் புரிந்தது, ஏன் அழுக்கோடு கேட்டீர்கள் என்று. கொஞ்சம் கழித்து, "என்ன சுலபமா வருது இந்த அழுக்கு! எப்படிங்க ஒட்ட வெச்சீங்க?" என்று கேட்டீர்கள். மெழுகு விஷயத்தை மேலே எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்க இறக்கையைத் துடைக்க என்னிடம் விட்டீர்கள். நான் டார்ச்சை எடுத்துவந்தேன். நீங்கள் விட்ட இடத்தை நானும், நான் விட்ட இடத்தை நீங்களும் சொல்லிக்காட்டி, முடித்தபோது விமானம் அந்தப் படத்தில் இருப்பதுபோலவே நின்றது, பொத்தானும் பல்குத்தும் குச்சியும் நீங்கலாக.

உங்களுக்குத் தெரியாதது இதுதான். துடைத்த நேரம் முழுக்க உங்கள் கை நடுங்கவே இல்லை. காபி டம்ளரை எடுத்தபோதுதான் மறுபடி நடுங்கியது.

கைக்குட்டையை மேசைமேல் மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள். என் மனைவி அதை சோப்புத் தண்ணீரில் போட எடுத்துக்கொண்டு போனாள், ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். அழுக்கென்றாலே ஆகாதவன் நான், அதை அப்படியே மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்துவிடுங்கள். புகை டப்பாவில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கிறது. நீங்கள் வருவதற்குள் விமானம் ஒரு தடவை பறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கும். வேறு ஒரு துணி கொண்டுவாருங்கள்.