உபதேசியார் வீட்டில் எலி தேடிய கதை

நேரத்தை மிச்சம் பிடிப்பவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. மிச்சம் பிடித்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். வாலிப வயதில் எனக்கு இந்த வியாதி முற்றிப் போயிருந்தது.

அப்போது நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் ரைட்டர். (தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். செருப்பு வாங்க வந்துவிடாதீர்கள்.) சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டுவது எப்போது, மரப்பட்டை ஊறும் தொட்டிக்கு மாற்றுவது எப்போது, ஆட்கள் பீடி பிடிப்பது எப்போது என்று சகலத்துக்கும் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஆட்கள் அதைப் படிக்கவில்லை. தோல்களும் படிக்கவில்லை. நான் மட்டும் சங்கிலி போட்ட கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குழிக்குக் குழி ஓடிக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில், பாலாற்றுக்கு அக்கரையில் ஆற்காட்டிலிருந்து சர்ச்சு உபதேசியார் ஒருவர், தம் மகள் எஸ்தரைப் பெண் பார்க்க வரச் சொல்லி அனுப்பினார். ஷாப்பு உத்தியோகம் என்றதுமே ஏற்கெனவே சில வீடுகளில் கையை விரித்திருந்தார்கள். "இதுவும் தட்டிப்போச்சின்னா, அந்தத் தோலையே கட்டிக்கினு குடும்பம் நடத்து" என்று அம்மா சொல்லிவிட்டாள். கடைசிவரை ஒண்டிக்கட்டையாகவே நின்றுவிடுவேனோ என்று பயந்தேன்.

சாதாரண மனிதன் லீவு போடுவான். நான் பெண் பார்ப்பதைச் சாப்பாட்டு வேளைக்குள் அடக்கினேன். குழி வேலை முடிந்ததும் கிளம்பி, சாயங்காலம் வண்டியில் சரக்கு ஏற்றுவதற்குள் திரும்பிவிட வேண்டும். திட்டத்துக்கு ஒரே இடைஞ்சல் குளியல். அது அவசியந்தானா என்று முறைப்படி விசாரித்தேன்.

"பாய், என்மேல வாடை அடிக்குதா?"

காதர் பாய் குழியில் நின்றபடி, சொட்டச் சொட்ட ஒரு தோலைத் தோளில் போட்டுக்கொண்டே, "இன்னா வாடை?" என்றார்.

ஷாப்பில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். என் சட்டையைத் தினமும் துவைக்கும் அம்மாவும் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லியே" என்றாள். ஏகமனதான தீர்ப்பு. குளியலை அட்டவணையிலிருந்து அடித்துவிட்டேன்.

அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஜட்காவில் கிளம்பினேன். ஜட்காக்காரர் வழிநெடுக முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். பல்வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உபதேசியார் வாசலில் சிரித்தபடிதான் வரவேற்றார். கூடத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மன்னிச்சிக்கணும். வூட்ல எங்கியோ எலி செத்துக் கெடக்குது" என்றார்.

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. இருந்தாலும் மரியாதைக்காகக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மா என் காதில், "பொண்ணு நல்லாத்தான் இருக்கும். வூட்டைத்தான் சுத்தமா வச்சிக்கல" என்று குசுகுசுத்தாள்.

உபதேசியார் ஜெபத்தோடு ஆரம்பித்தார். "ஆண்டவரே, மறைவில் கிடக்கிறதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்று முடித்தார். எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் நான்தான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி நேரம் போயிருந்தது, பெண் இன்னும் வெளியே வரவில்லை. திட்டம் இல்லாமல் எலியைத் தேடினால் விடிந்துவிடும் என்று பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உபதேசியாருக்கு அரிசி மூட்டைகள், அவர் மனைவிக்கு அடுப்படி, அம்மாவுக்குக் கட்டிலடி. பரண் எனக்கு.

நான் பரணில் ஏறியதும் உபதேசியாரின் மனைவி அண்ணாந்து பார்த்து, "மேலதான் போல, இப்ப ஜாஸ்தியா இருக்குது" என்றார். இறங்கி மூட்டைப் பக்கம் வந்தேன். "இல்ல, மூட்டைகிட்டதான்" என்றார் உபதேசியார். மூட்டைகளைப் புரட்டினோம். நான் அடுப்படிக்குப் போனேன். வாடையும் அடுப்படிக்கு வந்தது. எலி உயிரோடுதான் இருக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நான் என் கருத்தைச் சொன்னேன். உயிரோடு இருக்கிற எலி எப்படி நாறும் என்று யாரும் கேட்கவில்லை. அவ்வளவு களைப்பு.

எஸ்தர் காப்பித் தம்ளரோடு கதவருகில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கொஞ்சம் கெணத்தடிக்கு வர்றீங்களா?"

தனியாகப் பேச விரும்புகிறாள் என்று பூரித்துப் போனேன். அவள் பேசவில்லை. தண்ணீர் சேந்தினாள். முதல் குடத்தைச் சட்டை, கோட்டு, கடிகாரம் எல்லாவற்றோடும் சேர்த்துத் தலையில் ஊற்றினாள். கையில் ஒரு சோப்புக் கட்டியைத் திணித்துவிட்டு, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"அப்பா, எலி கெடச்சிடுச்சி. தேடாதீங்க."

அந்த நிமிஷம் கிணற்றிலேயே குதித்துவிடலாம் போல் இருந்தது. துணி காயும்வரை உபதேசியாரின் நீள அங்கியைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன இரண்டு பேர் எனக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். கடிகாரம் நின்றுவிட்டதால் எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். "நேத்து மத்தியானம் வேலை மளமளன்னு நடந்துது. அட்டவணையில இன்னா மாத்துனே?" என்று கேட்டார். நான் நின்றுபோன கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

இவ்வளவு நடந்தும் ஆற்காட்டிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. நம்ப முடியாமல், கல்யாணத்துக்குப் பிறகு எஸ்தரிடமே காரணம் கேட்டேன்.

"வூடு பூராவும் தேடுனீங்க. ஒங்களைத் தவிர எல்லாத்து மேலயும் சந்தேகப்பட்டீங்க. இப்டி ஒரு ஆளைத் தனியா வுட்டா ஊருக்கே பேஜார்னு தோணிச்சி" என்றாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாவியோ மூக்குக்கண்ணாடியோ காணாமல் போனால், பிள்ளைகள் முதலில் என்னைத்தான் சோதிக்கிறார்கள். பாதி நாள் அது என்னிடம்தான் இருக்கிறது.