டீ முறைப் பட்டியலும் தப்பிப்போன மூன்று ரயிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். நீ, மாமா, பிறந்து மூன்று மாதமாகியும் நான் முகம் பார்க்காத உன் மகள், மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ நலமோடு கோபமாகவும் இருப்பாய் என்று தெரியும்.

மூன்று வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி மூன்று ரயிலைத் தவறவிட்டதற்குக் காரணம் கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நாங்கள் மருந்துக்கடைகளுக்குச் செயலி செய்து தருகிறோம் அல்லவா, அந்தச் செயலியையும் அது ஓடத் தேவையான சாமான்களையும் ஒரே பெட்டியாகக் கட்டி அனுப்ப வேண்டும். அதுதான் கன்டெய்னர். எந்திரம் அதை அடுக்கடுக்காகக் கட்டும். மாறாத அடுக்கை மறுபடி கட்டாமல் முன்பு கட்டி வைத்ததையே எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் கேஷ். பீரோவில் மடித்த துணி மாதிரி, அடியில் ஒன்றை உருவினால் மேலே உள்ளதெல்லாம் சரியும், எல்லாவற்றையும் திரும்ப மடிக்க வேண்டும். எங்கள் அடுக்கு தினமும் சரிந்தது. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்து ஒரு கடைக்காரர் திருத்தம் கேட்பார், நான் கட்டிக்கொண்டிருப்பேன், ரயில் போய்விடும்.

இன்னைக்கு மத்தியானம் பொறுக்க முடியாம ஒவ்வொரு கோப்பா குடைஞ்சேன் அக்கா. யார் என்னைக்கு டீ போடணும்ங்கிற பட்டியலைச் செயலியோட கோப்புகளுக்குள்ளேயே வெச்சிருக்காங்க, அதுவும் அடி அடுக்குல. பக்கத்து சீட்டு அம்மா "இன்னைக்கு என்னால முடியாதுப்பா"ன்னு பேரை மாத்தினா, மொத்தப் பெட்டியும் முதல்லேர்ந்து. ரெண்டு வருஷமா ஊர்ல இருக்கிற மருந்துக்கடைக்கெல்லாம் எங்க டீ முறை போய்ச் சேர்ந்திருக்கு. "யாருங்க இதை இங்க வெச்சது"ன்னு சத்தம் போட்டேன். மேலாளர் திரையைப் பார்த்துட்டு, "நீதாம்பா. நீ சேர்ந்த ரெண்டாவது நாள்" அப்படின்னார். பட்டியலை வெளியே தள்ளினேன், மாறாத சாமானையெல்லாம் அடியில போட்டேன், பெட்டியைக் கட்டினேன். ரெண்டே நிமிஷம். மருந்துப் பேரை எல்லாம் பெரிய எழுத்துல காட்டணும்னு கேட்ட கடைக்காரருக்கு உடனே அனுப்பிட்டேன். இனி என் வெள்ளிக்கிழமை எனக்குத்தான். அஞ்சரை ரயிலுக்குக் கிளம்புறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். மருமகளுக்கு நீண்ட ஆயுளும், மாமனை மிஞ்சிய புத்தியும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு நிமிடத்தின் ரகசியம் இப்போதுதான் உறைத்தது. நாங்கள் எழுதித் திருத்தும் நிரலை, அதாவது செயலியின் வரிகளை, எடுத்து வரும் கட்டளையையும் மாறாத சாமான்களோடு அடியில் போட்டுவிட்டேன். கட்டளை மாறவில்லையே என்று எந்திரம் போன வாரத்து நிரலையே கட்டி அனுப்பிவிட்டது. கடைக்காரருக்குப் போயிருப்பது பழைய பொடி எழுத்துதான். அவரோ சற்று முன் கூப்பிட்டு, "எழுத்து இப்ப நல்லா பெருசா தெரியுது தம்பி" என்று மனதாரப் பாராட்டினார். மனசு கேட்காமல் மேலாளருக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லி, அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பட்டுமா என்று கேட்டேன். "அவருக்கு நான் சொல்லிக்கிறேன், திங்கட்கிழமை சரி பண்ணு. இப்ப இறங்கினேன்னா நானே வந்து உன்னை ஏத்திவிடுவேன்" என்றார். ஆகவே இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தருகிறேன். படிக்க அவசரமில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு நீ முதலில் தூங்கு.